நடைபாதையில் கிடக்கும் மர ஓடு: பெங்களூரில் வேம்பின் உறவுகளை அறிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பிப்ரவரி மாதத்துக் காலையில் பெங்களூரின் பழைய தெரு ஒன்றில் நடந்துபோனால், நடைபாதையில் தடித்த மரத்தோடுகள் சிதறிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். சின்னப் படகு மாதிரி இருக்கும். வெளிப்பக்கம் சொரசொரப்பு, உட்பக்கம் வழவழப்பு. பக்கத்திலேயே ஒற்றைச் சிறகு வைத்த காவி நிற விதைகள் கிடக்கும். அண்ணாந்து பார்த்தால் பாதி இலை உதிர்ந்த உயரமான மரத்தில், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் காய்கள். அதுதான் மஹோகனி.

இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் அந்த விதை ஒன்றை எடுத்து நுனியைக் கடித்துப் பார்த்துத் துப்பினேன். நாக்கில் ஏறிய கசப்பு எனக்குப் பழக்கமானது. எங்கள் ஊர் வாசல் வேப்பமரத்தின் கொட்டையில் இருந்த அதே கசப்பு. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் வேம்பும் மஹோகனியும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. (நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.)

அந்தக் குடும்பத்துக்குத் தாவரவியலில் மீலியேசி என்று பெயர். ஏறத்தாழ 50 பேரினங்கள், 600-க்கு மேற்பட்ட இனங்கள். வெளிநாட்டு நூல்கள் மஹோகனிக் குடும்பம் என்று எழுதும். நமக்கு அது வேம்புக் குடும்பம்தான். வேப்பமரத்தடியில் வளர்ந்தவருக்கு இந்தக் குடும்பத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியைப் பெங்களூரிலேயே கற்றுக்கொள்ளலாம். பெரிய செலவில்லை. 10 மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று, ஒரு சின்ன நோட்டு, அப்புறம் ஒரு வருடப் பொறுமை போதும்.

முதலில் ஒரு வேப்பங்கிளை

கன்னடத்தில் வேம்பு ‘பேவு’. யுகாதி அன்று பக்கத்து வீட்டிலிருந்து வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொடுத்தால் அது ‘பேவு பெல்லா’. நம் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடிக்கு நெருங்கிய சொந்தம். கடையில் ‘கரிபேவு’ என்றால் கறிவேப்பிலை. ‘ஹெப்பேவு’ என்றால் மலைவேம்பு. இந்த மூன்று பெயரையும் மனதில் வைத்துக்கொண்டால் தோட்டக்காரர்களிடமும் நாற்றுப் பண்ணையிலும் பேசுவது எளிது.

உதிர்ந்து கிடக்கும் வேப்பங்கொத்து ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். எது இலை? நாம் வழக்கமாக இலை என்று சொல்லும் அரிவாள் வளைவு கொண்ட சின்ன இலை உண்மையில் சிற்றிலைதான். ஒரு காம்பின் இருபுறமும் 8 முதல் 19 வரை சிற்றிலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் காம்பு முழுவதும் சேர்ந்ததுதான் ஓர் இலை. இதை எப்படி உறுதி செய்வது? மொட்டைத் தேடுங்கள். இலை கிளையோடு சேரும் கக்கத்தில்தான் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் ஊரில் உள்ள மரங்களில் பாதியைச் சரியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

அடுத்து சிற்றிலையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். நடு நரம்பின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். மஹோகனியிலும் இதே கோணல்தான். இலைகள் கிளையில் எதிரெதிராக இல்லாமல் ஒன்று விட்டு ஒன்றாக, மாற்றடுக்கில் வரும். இந்தக் குடும்பத்தில் இலைக்காம்பின் அடியில் இலையடிச் செதில் கிடையாது. இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் எலுமிச்சை இலையில் தெரிவது போன்ற ஒளிபுகும் புள்ளிகள் பெரும்பாலும் தெரியாது. கறிவேப்பிலை பெயரில் வேப்பிலை இருந்தாலும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு அந்தப் புள்ளிகளே சாட்சி. வீட்டுக் கறிவேப்பிலையை இப்போதே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பூவுக்குள் ஒரு குழாய்

மார்ச் முதல் மே வரை வேம்பு பூக்கும். தேன் மணம் காற்றில் வரும். பாண்டியர்கள் மாலையாகச் சூடிய பூ இது. ரசம் வைக்கச் சேகரிக்கும்போது ஒரே ஒரு பூவை மட்டும் லென்ஸுக்கடியில் வையுங்கள்.

ஐந்து வெள்ளை இதழ்கள். நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் குழாய். பெரும்பாலான பூக்களில் மகரந்தத்தாள்கள் தனித்தனி இழைகளாக நிற்கும். இங்கே அவற்றின் காம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முழுக் குழாயாகிவிட்டன. குழாயின் வாயில் 10 மகரந்தப் பைகள் பல் வரிசைபோல் அமர்ந்திருக்கும். வேம்புக் குடும்பத்தை அடையாளம் காட்டும் முத்திரை இதுதான். மஹோகனிப் பூ இளம்பச்சையாகச் சிறிதாக இருக்கும், ஆனால் அதிலும் குடுவை வடிவில் இதே குழாய் உண்டு. வேம்பின் நெருங்கிய உறவான துலுக்கவேம்பின் இளம் ஊதாப் பூவில் குழாய் கருநாவல் நிறத்தில் இருப்பதால் லென்ஸ் இல்லாமலே தெரியும்.

ஒரே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். சந்தனவேம்பிலும் (தாவரவியலில் டூனா), அமெரிக்காவில் சுருட்டுப் பெட்டி செய்யப் பயன்படும் செட்ரெலா மரத்திலும் தாள்கள் ஒட்டாமல் தனியாகவே நிற்கும். குழாய் இல்லை என்பதற்காக அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம்.

காயை வைத்து ஆளைச் சொல்லலாம்

இலையும் பூவும் குடும்பத்தைக் காட்டும். எந்த மரம் என்று தெரிய காய்தான் வேண்டும். பெங்களூரில் இது சுலபம், ஏனென்றால் காய்கள் தாமே நம் காலடிக்கு வந்து விழுகின்றன. நான் நோட்டில் வரைந்து வைத்ததைவிடப் பெட்டியில் சேர்த்து வைத்த காய்களிடம்தான் அதிகம் கற்றேன்.

சதைப்பற்றுள்ள சின்னப் பழம், உள்ளே ஒரு கொட்டை என்றால் வேம்பு அல்லது அதன் நேர் தங்கைகளான மீலியா இனங்கள். வேப்பம்பழம் நீள்வட்டம், ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர், சதை இனிப்பு. காக்கைக்கும் மைனாவுக்கும் பிடித்தது. துலுக்கவேம்பின் பழம் உருண்டை, மஞ்சள். இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் கொத்துக்கொத்தாக மரத்திலேயே தொங்கும். அதன் கொட்டையைச் சுத்தம் செய்து பாருங்கள். ஐந்து வரி ஓடிய கொட்டையின் நடுவில் இயற்கையாகவே துளை போடும் இடம் இருக்கும். பல நாடுகளில் அதை மணியாகக் கோத்து செபமாலை செய்தார்கள். மலைவேம்பின் காய் இன்னும் பெரியது, கிட்டத்தட்ட நெல்லிக்காய் அளவு. இலை இரண்டு மூன்று முறை பிரிந்து பெரிய விசிறிபோல் இருக்கும். கர்நாடக உழவர்கள் ஒட்டுப்பலகைக்காக வரிசை வரிசையாக நட்டிருப்பது இந்த ஹெப்பேவுதான். மைசூர் சாலையிலோ தும்கூர் பக்கமோ பேருந்தில் போகும்போது நேராக, கிளையில்லாமல் உயர்ந்த இளமரத் தோப்பு தெரிந்தால் இதுவா என்று பாருங்கள்.

மரத்தோடாக வெடிக்கும் காய் என்றால் மஹோகனிப் பக்கம் வாருங்கள். பெங்களூரில் இரண்டு மஹோகனிகளைப் பார்க்கலாம். பெரிய இலை மஹோகனியின் காய் 10 முதல் 20 சென்டிமீட்டர், ஒரு பெரிய மாங்காய் அளவு. சிறிய இலை மஹோகனியின் காய் அதில் பாதிதான். இரண்டும் நம் மண்ணின் மரங்கள் அல்ல. சிறியது கரீபியத் தீவுகளிலிருந்து 1795-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பெரியது நடு அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. பேரினப் பெயரான ஸ்வீட்டீனியா, வியன்னாவில் அரச மருத்துவராக இருந்த வான் ஸ்வீட்டன் நினைவாக வைக்கப்பட்டது.

மஹோகனிக் காய் வெடிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரும்பாலான காய்கள் நுனியிலிருந்து வாய் திறக்கும். இது அடியிலிருந்து திறக்கும். ஐந்து ஓடுகளும் கீழே விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழன்று விழும். நடுவில் ஐந்து முனை கொண்ட ஒரு தூண் மட்டும் காம்பில் நிற்கும். அந்தத் தூணின் உச்சியில் சிறகால் ஒட்டிக்கொண்டு, விதைப்பகுதி கீழே தொங்க, 40, 50 விதைகள் அடுக்காக இருக்கும். காற்று வந்து பிய்த்துக்கொண்டு போகும்வரை அவை காத்திருக்கும். ஒரு விதையை எடுத்து மாடியிலிருந்து போட்டுப் பாருங்கள். சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். சிறகு இல்லாமல் உடைத்துப் போட்டால் கல் மாதிரி விழும். தாய்மரத்தின் நிழலைத் தாண்டி விழுவதற்குத்தான் அத்தனை ஏற்பாடும்.

காய் உருண்டையாக, கோலி விளையாட்டுக் குண்டைவிடப் பல மடங்கு பெரிதாக, நுனியிலிருந்து நாலைந்து இதழாகத் திறந்திருந்தால் அது ஆப்பிரிக்க மஹோகனி எனப்படும் காயா. இரண்டு சென்டிமீட்டர் காய், ஐந்து இதழ் விரிந்து காய்ந்த பூ போல் இருந்தால் சந்தனவேம்பு. அதன் விதைக்கு இரு முனையிலும் சிறகு.

இன்னொரு வகையும் உண்டு, ஆனால் அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக வேண்டும். காய் பிளந்து உள்ளே செம்மஞ்சள் சதை போர்த்திய விதைகள் தெரியும் மரங்கள் அவை. இருவாட்சிப் பறவைகள் அவற்றைத் தேடி வந்து விழுங்கும். குடகின் தேவரகாடுகளில், அதாவது நம் கோயில்காடுகள் போன்ற காடுகளில், இந்த வகையைச் சேர்ந்த வெள்ளகில் நிற்கிறது. வார இறுதியில் மடிக்கேரிப் பக்கம் போனால் உள்ளூர்க்காரரிடம் ‘பிளி தேவதாரி’ என்று கேளுங்கள்.

உருவம் ஒத்த அயலார்

புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் மரமல்லியிடம்தான். நவம்பரில் தரையெல்லாம் வெள்ளைப் பூ நீளக் காம்போடு விழுந்து கிடக்குமே, அந்த மரம். இலை மலைவேம்பு மாதிரியே பலமுறை பிரிந்திருக்கும். ஆனால் இலைகள் கிளையில் எதிரெதிராக வரும். அதுபோதும், வேம்புக் குடும்பம் இல்லை என்று முடிவு செய்துவிடலாம். ஊதாப் பூப் பூக்கும் ஜக்கராந்தாவும் அப்படியே. பெருமரத்துக்கும் வேம்பு போன்ற நீண்ட கூட்டிலை உண்டு. இலை மாற்றடுக்கில்தான் இருக்கும். ஆனால் கசக்கினால் வரும் கெட்ட நாற்றமும், நடுவில் ஒரே விதை வைத்த தட்டையான தாள் போன்ற காயும் காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்பு கசப்பில் மட்டுமே வேம்பின் பங்காளி. அது வேறு குடும்பத்துச் சிறு செடி.

கசப்பு எங்கிருந்து வருகிறது

சரி, நாக்குக்கு வருவோம். வேப்பங்கொட்டையிலும் மஹோகனி விதையிலும் இருக்கும் கசப்புப் பொருள்களுக்கு லிமோனாய்டுகள் என்று பெயர். எலுமிச்சையிலிருந்து வந்த பெயர் இது, ஏனென்றால் முதலில் அறியப்பட்ட லிமோனின் எலுமிச்சை, ஆரஞ்சு விதைகளில் உள்ளது. எலுமிச்சைக் குடும்பமும் வேம்புக் குடும்பமும் ஒரே வரிசையைச் சேர்ந்த தூரத்து உறவினர்கள். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாத்துக்குடியைப் பிழிந்து உடனே குடித்துப் பாருங்கள், இனிப்பு. அதே சாற்றை சில மணி நேரம் வைத்துக் குடித்தால் கசப்பு தலைதூக்கியிருக்கும். பழத்தில் கசப்பில்லாத வடிவில் இருந்த ஒரு பொருள், சாற்றின் புளிப்பில் மெல்ல லிமோனினாக மாறுவதுதான் காரணம்.

மரம் இதை எப்படிச் சமைக்கிறது? முதலில் 30 கார்பன் அணு கொண்ட நீளச் சங்கிலி. அது மடங்கி நான்கு வளையங்களும் எட்டு கார்பன் நீளத்தில் ஒரு வாலும் கொண்ட உருவமாகிறது. பிறகு வாலிலிருந்து நான்கு கார்பன்களை மரம் வெட்டி எறிகிறது. மிச்சம் நான்கும் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு சுருண்டு, ஃபியூரான் என்னும் ஐந்து முனை வளையமாகின்றன. ஆக 26 கார்பன் கொண்ட எலும்புக்கூடு. குடும்பம் முழுவதற்கும் இதுவே அடிப்படை. இதுவரை எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே வழி.

இனிமேல்தான் ஒவ்வொரு மரமும் தன் கைவரிசையைக் காட்டுகிறது. நான்கு வளையங்களுக்கும் ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேம்பும் மீலியாவும் சி வளையத்தை அறுத்துத் திறக்கின்றன. மஹோகனியும் காயாவும் பி வளையத்தைத் திறந்து, அறுந்த முனையை வேறோர் இடத்தில் மறுபடி முடிச்சுப் போடுகின்றன. அதனால் விதையை அரைத்துச் சோதித்தாலே இது எந்தக் கிளைக்குடும்பத்து மரம் என்று வேதியியலாளர் சொல்லிவிட முடியும். பூக்குழாயும் காயும் காட்டும் அதே உறவுமுறையை இந்த வெட்டும் ஒட்டும் காட்டுகின்றன. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வேம்பின் லிமோனாய்டுகளில் புகழ்பெற்றது அசாடிராக்டின். 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன். 26 கார்பன் எலும்புக்கூடு எப்படி 35 ஆனது என்று கேட்டால், மேலே மாட்டிய சின்னச் சின்னத் தொங்கல்கள்தாம் காரணம். 1968-இல் இங்கிலாந்தில் இதைத் தனியே பிரித்தார்கள். முழு வடிவம் உறுதியாக 1985 வரை ஆனது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் ஆய்வகத்தில் இதை முழுதாகக் கட்டி முடிக்க 22 ஆண்டுகள் உழைத்து 2007-இல்தான் வென்றார்கள். ஒரு வேப்பமரம் ஒவ்வொரு ஆடி மாதமும் சத்தமில்லாமல் செய்து முடிக்கும் வேலை அது.

இந்தக் கதையில் பெங்களூருக்கும் இடம் உண்டு. வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் உள்ளிட்ட மூன்று கசப்புப் பொருள்களைச் சலிமுஸ்ஸமான் சித்திக்கி பிரித்தெடுத்த செய்தி 1942-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. அந்த இதழ் பெங்களூரிலிருந்துதான் வெளிவருகிறது. 70 ஆண்டுகள் கழித்து, 2012-இல், வேம்பின் மரபணுத் தொகுப்பை முதன்முதலில் வரைந்து வெளியிட்டதும் பெங்களூர் ஆய்வாளர்களே.

பூச்சிகளிடம் இது என்ன செய்கிறது? 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் சுற்றியிருந்த பச்சையை எல்லாம் மொட்டையடித்துவிட்டு வேப்பமரங்களை மட்டும் விட்டுப்போனதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியர் கவனித்தார். அசாடிராக்டின் பூச்சியின் வாயிலுள்ள சுவை நரம்புகளைத் தொட்டு, தின்ன விடாமல் தடுக்கிறது. மீறித் தின்றால், தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோன் சுரப்பு குலைந்து, புழு தோலை உரிக்க முடியாமல் செத்துப்போகிறது. உடனே சாகாது என்பதை நினைவில் வையுங்கள், கீழே உதவும்.

ஆனாலும் எந்தக் கோட்டைக்கும் ஒரு சுரங்கவழி இருக்கும். மஹோகனியையும் சந்தனவேம்பையும் குருத்துத் துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் புழு ரசித்துத் தின்கிறது. நுனிக்குருத்தைக் குடைந்துவிடுவதால் மரம் நேராக வளராமல் கவைகவையாகப் பிரிந்துவிடுகிறது. மஹோகனித் தோட்டம் போட்டால் லட்சங்கள் கொட்டும் என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்தப் புழுவை நினைத்துக்கொள்ளுங்கள். வேம்பும் தப்பவில்லை. மழைக்காலத்தில் வேப்பமரத்தின் நுனிகள் தீயில் கருகியதுபோல் காய்ந்து தொங்குவதைப் பார்த்தால், அது தேயிலைக்கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சி அல்லது நுனிக்கருகல் பூஞ்சையின் வேலை. மரம் செத்துவிட்டது என்று வெட்ட வேண்டாம். பெரும்பாலும் கோடையில் துளிர்த்துவிடும்.

குடும்பத்தில் கசப்பைத் தவிர வேறு சரக்கும் உண்டு. வேப்பெண்ணெயின் பூண்டு வாடைக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். நம் சந்தனவேம்பின் சீன உறவு மரத்தின் இளந்தளிரை, அதுபோன்ற வெங்காய மணத்துக்காகச் சீனர்கள் முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். வெள்ளகிலின் உறவான மரங்களில் உள்ள ரோஹிடுகின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து, மும்பையிலிருந்த ஹெக்ஸ்ட் நிறுவன ஆய்வகத்தில் ஃபிளேவோபிரிடால் என்ற புற்றுநோய் மருந்து உருவாக்கப்பட்டு மனிதச் சோதனை வரை போனது.

மாடிச் செடிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்

அல்சூரில் எங்கள் மாடியில் செம்பருத்தி வைத்த மறுமாதமே மாவுப்பூச்சி வந்தது. வேப்பிலையை அரைத்துத் தெளித்தேன், பெரிய பலனில்லை. காரணம் பிறகு புரிந்தது. இலையில் கசப்பு உண்டு, ஆனால் அசாடிராக்டின் மிகக் குறைவு. அது சேர்ந்திருப்பது கொட்டையின் பருப்பில்.

ஊருக்குப் போகும்போது ஆடி, ஆவணியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டை வாங்கி வாருங்கள். கறுத்துப் பூசணம் பிடித்தது வேண்டாம். மூன்று மாதம் ஆறியதாகவும் எட்டு மாதத்துக்கு மேல் போகாததாகவும் இருந்தால் நல்லது. ஓட்டை உடைத்துப் பருப்பு 50 கிராம் எடுத்துக் கரகரப்பாக இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் முடிச்சைத் தண்ணீருக்குள்ளேயே பால் நிறம் வரும்வரை பிழிந்து வடிகட்டுங்கள். தெளிக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை காதி சோப்பு கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும்.

தெளிப்பது மாலையில். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும். காரத்தன்மையுள்ள தண்ணீரிலும் சிதையும் என்பதால், உப்பேறிய போர்வெல் தண்ணீரைவிடக் காவேரித் தண்ணீரையே பயன்படுத்துங்கள். சோப்பையும் முன்கூட்டியே போட்டு வைக்காதீர்கள். கரைத்த அன்றே தீர்த்துவிடுங்கள். இலையின் அடிப்பக்கம்தான் முக்கியம். மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று சோர வேண்டாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளித்துவிட்டுக் குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கொட்டை கிடைக்காதவர்கள் கடையில் வேப்ப மருந்து வாங்கும்போது லேபிளில் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள். 300-லிருந்து பல ஆயிரம் வரை விற்கிறது. அளவு அதற்கேற்ப மாறும்.

ஒரு செய்தி. இதையெல்லாம் நம் உழவர்கள் தலைமுறைகளாகச் செய்துவர, வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சையை அழிக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் உரிமை கொடுத்தது. இந்தியத் தரப்பு போராடியது. 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது.

வாயில் போடும் முன்

எங்கள் கட்டடத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் ஒருநாள் மஹோகனி விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “தம்பி, இதைத் தினம் ஒண்ணு மென்னா சர்க்கரை இறங்குதாம்” என்றார். “ஐயா, டாக்டரைக் கேட்காம வேண்டாம்” என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்த விதைகளைத் தொடர்ந்து தின்று கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வேப்பம்பூ ரசத்தோடு இதைச் சேர்த்து நினைக்கக் கூடாது. ஒரே குடும்பம் என்பதால் ஒரே குணம் என்று ஆகிவிடாது. வளையம் எங்கே வெட்டப்பட்டது என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது.

துலுக்கவேம்பின் மஞ்சள் பழம் குழந்தைகளை இழுக்கும். அது விஷம். பறவை தின்கிறதே என்று ஏமாற வேண்டாம், பறவைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நமக்கு ஆகும். பூங்காவில் அந்த மரத்தடியில் சிறு பிள்ளைகள் விளையாடினால் கண் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த குழந்தைகள் உண்டு. கர்ப்பிணிகளும் வேப்பெண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

மரக்கடையில்

மேசை, கட்டில் வாங்கும்போது ‘மஹோகனி’ என்று கடைக்காரர் சொன்னால் எந்த மஹோகனி என்று கேளுங்கள். ஸ்வீட்டீனியா அசல். காயாவும் சபேலியும் ஆப்பிரிக்கச் சொந்தங்கள், அவையும் இதே குடும்பம்தான், நல்ல மரம்தான். பிலிப்பைன் மஹோகனி என்பது முற்றிலும் வேறு குடும்பம். வெறும் செம்பழுப்புப் பாலிஷைப் பார்த்து நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அடிப்பக்கத்தில் பாலிஷ் படாத இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்கக் காடுகளில் பெரிய இலை மஹோகனி அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் 2003 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. மரத்துண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பழக விரும்பினால், மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரமாதிரிகளின் தொகுப்பு இருக்கிறது. முன்கூட்டி அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கே, எப்போது

கப்பன் பூங்காவிலும் லால்பாகிலும் நடந்தாலே தொடங்கிவிடலாம். லால்பாகில் பல மரங்களில் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் பலகையை நம்புவதற்கு முன் காயைப் பாருங்கள். பறிக்க வேண்டாம், கீழே கிடப்பதே போதும். ஜனவரி முதல் மார்ச் வரை மஹோகனி காய் வெடிக்கும். இலை முழுதும் உதிர்ந்து இரண்டே வாரத்தில் செம்புநிறத் தளிர் வந்துவிடும், அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். அடுத்து வேம்பும் துலுக்கவேம்பும் பூக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேப்பம்பழம்.

அந்தப் பழக்காலத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேப்ப விதை சில வாரங்களுக்கு மேல் முளைப்புத்திறனோடு இருக்காது. தெளிப்புக்கு வைத்த பழைய கொட்டை முளைக்காது. பழுத்து விழுந்த மஞ்சள் பழத்தைப் பிசைந்து சதையை அலசி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கையாகப் பதியுங்கள். ஊரிலிருந்து கொண்டுவருவதானால் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாமல் துணிப்பையில் கொண்டுவந்து, வந்த அன்றே விதையுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளை தெரியும்.